மெல்பர்னில் கண்ணாடி கும்பிடுகிறவர்கள்

ஆஸ்திரேலியாவுக்குப் போய் வந்தவன் என்று தெரிந்தால் கடைக்கு வருகிற எல்லோரும் கங்காருவைப் பற்றித்தான் கேட்கிறார்கள். கங்காருவை நான் ரயில் ஜன்னல் வழியாக ஒரே ஒரு முறை பார்த்தேன். அதுவும் செத்துக் கிடந்தது. நான் அங்கே வாய் பிளந்து பார்த்தது வேறு. அதைச் சொல்ல ஆரம்பித்தால், அண்ணாச்சிக்கு வெளிநாட்டுக் காற்று தலைக்கேறிவிட்டது என்று சிரிப்பார்கள். எழுதினால் குறுக்கே பேச ஆளில்லை, அதனால் எழுதுகிறேன்.

நாகர்கோவில் மீனாட்சிபுரத்தில் எனக்குக் கண்ணாடிக் கடை. நிலைக்கண்ணாடி, பீரோக் கண்ணாடி, சாமி படத்துக்குச் சட்டம் எல்லாம் செய்வோம். எங்கள் வீட்டில் அய்யா வழி. எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பதி என்பது எங்கள் கோயில். அங்கே சிலை கிடையாது. பள்ளியறையில் ஒரு நிலைக்கண்ணாடி, இரண்டு பக்கமும் விளக்கு, அவ்வளவுதான். ஆண்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டு, நெற்றியில் நாமம் இட்டு, அதன் முன்னால் போய் நிற்போம். உள்ளே தெரிவது நம் முகம். அதைப் பார்த்துத்தான் கும்பிடுவோம். எங்கள் பக்கத்துத் தாங்கல்களில், அதாவது ஊர்ச் சின்னக் கோயில்களில், இருக்கிற கண்ணாடிகளில் நாலைந்து என் கையால் அறுத்தவை.

என் தங்கை செல்வராணி நர்ஸ். வேலூரில் படித்து, லண்டனில் நாலு வருடம் இருந்து, வெள்ளைக்காரர் அல்லாதவர்களையும் ஆஸ்திரேலியாவில் சேர்த்துக்கொள்ள ஆரம்பித்ததும் மெல்பர்னுக்குப் போனாள். கல்யாணம் வேண்டாம் என்றாள், விட்டுவிட்டோம். வாரம் ஒரு கடிதம் வரும். அந்த வருடம் ஆவணியில் வந்த கடிதத்தில், சீடை பொரிக்கும்போது வெடித்து எண்ணெய் தெறித்துவிட்டது, லீவில் இருக்கிறேன், கவலைப்பட வேண்டாம் என்று இருந்தது. அதற்கப்புறம் கடிதமே இல்லை. அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். "போய் அவளக் கையோட கூட்டிட்டு வந்துரு. அங்க யாரு இருக்கா அவளுக்கு." என் பயணத்தின் வேலை அதுதான், தங்கையைக் கூட்டிக்கொண்டு வருவது.

வெறுங்கையோடு போக முடியுமா? கண்ணாடிக்காரன் என்ன கொண்டு போவான்? நயமான பெல்ஜியம் கண்ணாடி ஒன்று கடையில் கிடந்தது, ஓரத்தில் விரல் அகலத்துக்குச் சாய்த்துச் சீவியது. அதற்குத் தேக்கில் தாமரை செதுக்கிய சட்டம் போட்டேன். வைக்கோல் வைத்துப் பொதிந்து, மேலே நான் உடுத்துகிற கைலிச் சாரம் மூன்றைச் சுற்றி, குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறினேன்.

சிட்னியில் இறங்கியதும் முதல் வினை. சுங்கத்தில் ஒரு நெட்டை மனிதர் சாரத்தைப் பிரித்தார், வைக்கோலைக் கண்டார், முகம் மாறிவிட்டது. கள்ளக்கடத்தல் தங்கத்தைப் பிடித்தவர் போல இன்னொருவரைக் கூப்பிட்டார். கையுறை போட்டுக்கொண்டு ஒரு துரும்பு விடாமல் பொறுக்கிப் பையில் கட்டினார்கள். வைக்கோலில் பூச்சி வருமாம், அவர்கள் ஊர்க் கோதுமைக்கு ஆகாதாம். "இது எதற்கு?" என்று கண்ணாடியைக் காட்டிக் கேட்டார். "முகம் பார்க்க" என்றேன். அவர் குனிந்து பார்த்து, மீசையை நீவிக்கொண்டு, "நல்ல கண்ணாடி" என்று சொல்லித் தன் கையாலேயே சாரத்தைச் சுற்றிக் கொடுத்தார். வைக்கோலுக்குப் பதிலாக என் இரண்டு துண்டுகளையும் உள்ளே திணித்தேன். அப்புறம் குளித்துத் துவட்டத் துண்டில்லாமல் திண்டாடினேன்.

சிட்னியில் சிவபாதம் என்ற யாழ்ப்பாணத்து எஞ்சினியர் வீட்டில் ஒரு நாள் தங்கல். பரமட்டா பக்கம் வீடு. ராணி இந்த நாட்டுக்கு வந்த புதிதில் இவர்களோடு இருந்தாள். "வாங்கோ, வாங்கோ. நல்லாக் களைச்சுப் போனியள்" என்று அவர் கதிரையை இழுத்துப் போட்டார். குசினியிலிருந்து அவர் மனைவி புட்டும் கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பும் கொண்டுவந்தார். தேங்காய்ப்பூ பாக்கெட்டில் வருகிறதாம், காய்ந்த துருவல். அதை வெந்நீரில் ஊறவைத்துத்தான் புட்டு. நான் மூன்று முறை போட்டுச் சாப்பிட்டேன். வீட்டு வாசல் மரம் முழுக்க ஊதாப் பூ, இலையே கண்ணில் படவில்லை. தெரு முழுக்கவும் அப்படித்தான். ஊரே சேர்ந்து பந்தல் போட்டது போல இருந்தது.

ராணி எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். சிவபாதம் குழம்பைக் கிளறினார். "ஓம், இருக்கிறா. நான் சொல்லுறதிலும் பாக்க நீங்கள் நேரை போய்ப் பாருங்கோ" என்றார். கண்ணாடியைப் பிரித்துக் காட்டினேன். அவர் மனைவி அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "அண்ணை, இதை இஞ்சை விட்டிட்டுப் போங்கோவன். பிறகு எடுக்கலாம்" என்றார். அடடா, இந்த அம்மாவுக்குக் கண்ணாடி மேல் ஆசை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஊருக்குப் போய் இன்னொன்று அனுப்புகிறேன் என்று பெரிய மனது பண்ணிச் சொன்னேன். அவர் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் மெல்பர்னுக்குப் பகல் ரயில். விடிந்ததும் ஏறினால் இருட்டுகிற நேரத்துக்குப் போய்ச் சேரும். பெட்டிகளைப் பின்னால் போடச் சொன்னார்கள். கண்ணாடியையும் கேட்டார்கள், நான் கொடுக்கவில்லை. கண்ணாடியைப் படுக்கப் போட்டால் சொந்த எடையிலேயே விரிசல் விடும், நிற்க வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். இதை அவர்களுக்கு என் இங்கிலீஷில் விளக்குவதற்குள் விசில் ஊதிவிட்டார்கள். அத்தனை நேரமும் இரண்டு முழங்காலுக்கு நடுவே நிற்கவைத்துப் பிடித்துக்கொண்டே போனேன். எதிர் ஸீட்டில் ஆட்டு ரோமம் கத்தரிக்கிற கிழவர். நடுவில் ஒரு ஸ்டேஷனில் இறங்கி எனக்கும் சேர்த்துக் பை என்று கறி அடைத்துச் சுட்ட மாவுப் பண்டம் ஒன்று வாங்கிவந்தார். மேலே ஆறியிருக்கிறதே என்று கடித்தேன், உள்ளே கொதிக்கிற குழம்பு. நாக்கு பொத்துவிட்டது. வெளியே பார்த்தால் காய்ந்த புல், வேலி, ஆடு. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தாலும் அதே புல், அதே வேலி. இத்தனை பூமியை ஆளில்லாமல் போட்டு வைத்திருக்கிறார்களே என்று எனக்கு வயிறு எரிந்தது.

மெல்பர்ன் ஸ்டேஷனில் ராணி இல்லை. என் பெயரை அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு ட்ராம் கண்டக்டர் ஒருத்தி நின்றாள். அறுபது வயதிருக்கும், பச்சை யூனிபாரம், தோளில் தோல்பை. பெயர் மார்ஜரி, ராணி குடியிருக்கும் வீட்டுக்குச் சொந்தக்காரி. கீழே இவள், மாடியில் ராணி. "செல்விக்கு உடம்பு முடியவில்லை, நான் வந்தேன்" என்றாள். செல்வராணியைச் செல்வி ஆக்கிவிட்டிருந்தார்கள். அவளே என்னை ட்ராமில் கூட்டிப் போனாள். சாரம் சுற்றிய மூட்டையை ஒரு கையால் லேசாகத் தொட்டு, "கண்ணாடிதானே?" என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "நீங்கள் பிடித்திருக்கிற விதம்" என்றாள். எனக்கு அவளை அப்போதே பிடித்துப்போயிற்று.

இனிமேல் எழுதுவதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. மாடிக்குப் போனேன். ராணி தலையைச் சுற்றி ஒரு ஸ்கார்ஃப் கட்டி, இடது கன்னம் முழுக்க மூடியிருந்தாள். குளிருக்கு என்று நினைத்தேன். அழுதாள், நானும் அழுதேன். அம்மா சுட்டுக் கொடுத்த முந்திரிக்கொத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அப்புறம் பெரிய வித்தை காட்டுகிறவன் போல, "இப்பம் பாரு" என்று சாரத்தை உருவி, கண்ணாடியை அவள் முகத்துக்கு நேராக நிமிர்த்திப் பிடித்தேன்.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். முந்திரிக்கொத்து கீழே விழுந்து உருண்டது.

"அத மூடிருங்கண்ணே" என்றாள். "எனக்குப் பாக்காண்டாம்."

அப்போதுதான் அறையைச் சரியாகப் பார்த்தேன். சுவரில் கண்ணாடி மாட்டியிருந்த ஆணி மட்டும் இருந்தது. அலமாரிக் கதவில் போர்வை தொங்கியது. குளியலறைக் கண்ணாடியில் செய்தித்தாள் ஒட்டியிருந்தது. சிவபாதத்தின் மனைவி எதற்காகக் கண்ணாடியை அங்கேயே விட்டுவிட்டுப் போகச் சொன்னார் என்பதும் புரிந்தது. கண்ணாடியைத் திரும்பச் சுற்றிக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தேன். சீடை வெடித்துத் தெறித்த எண்ணெய் இடது நெற்றியிலிருந்து கழுத்து வரை இறங்கியிருந்தது. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டியிருந்தார்கள். கட்டுப் பிரித்த அன்று ஒரே ஒரு முறை பார்த்தாளாம். அதற்கப்புறம் பார்க்கவில்லை.

மறுநாள் பேசினோம். ஆஸ்பத்திரியில் மேட்ரன் அம்மாள் இந்த மாதக் கடைசி வரைதான் இடம் வைத்திருப்பாளாம். போகப் போகிறாயா என்று கேட்டேன். நோயாளி நம் முகத்தைப் பார்த்துத்தான் தைரியப்படுவான், இதை வைத்துக்கொண்டு எப்படிப் போவது என்றாள். அப்படியானால் ஊருக்கு வா என்றேன். ஊரில் ஒவ்வொருத்தியும் வந்து தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்ப்பாள், அதற்கு நான் செத்துப்போகலாம் என்றாள். ஏதோ சொல்ல வேண்டுமே என்று, "அய்யாவ நெனச்சுக் கும்பிடு, எல்லாம் சரியாவும்" என்றேன்.

"எங்கண்ணே கும்பிட?" என்றாள். "அங்க போயி நின்னா எனக்கு என்ன தெரியும்? இந்த மூஞ்சியவா கும்பிடச் சொல்லுதீங்க?"

கண்ணாடியையே கும்பிட்டு வளர்ந்த பிள்ளை. கண்ணாடி போனதும் அவளுக்குச் சாமியும் போய்விட்டது. முப்பது வருடம் கண்ணாடி விற்ற எனக்கு இது தோன்றவே இல்லை.

மூன்றாம் நாள் காலை என் தாடியை நானே தடவிப் பார்த்தேன், முள்ளாகக் குத்தியது. மாடியில் பார்த்துச் சவரம் செய்யக் கண்ணாடி இல்லை, நான் கொண்டுவந்ததை அங்கே மறுபடி பிரிக்கவும் மனமில்லை. சோப்பு, பிரஷ், ரேஸரை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். மார்ஜரி சமையலறையில் ஏதோ வறுத்துக்கொண்டிருந்தாள். "கண்ணாடி?" என்றேன். அவள் திரும்பாமல் நடைப் பக்கம் கையைக் காட்டினாள். நடையில் இரண்டு கதவு. நான் தப்பான கதவைத் திறந்தேன்.

திறந்தவன் அப்படியே நின்றேன். அறை முழுக்கக் கண்ணாடி. சுற்றிலும் சிப்பி பதித்த வட்டக் கண்ணாடி, பிறை வடிவத்தில் ஒன்று, மயிலிறகு ஒட்டியது, வெள்ளிப் பிடி போட்ட கைக்கண்ணாடிகள், உடைந்த சில்லுகளை ஒட்டிச் செய்த நட்சத்திரம். என் கடையில்கூட இத்தனை வகை இல்லை. ஜன்னல் வழியாக வந்த வெயில் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிக் கூரையெல்லாம் ஆடியது. எனக்குத் தொழில் புத்தி. எதில் ரசம் நன்றாக இருக்கிறது என்று பார்த்தேன். நடுவில் மேஜை மேல் சாய்த்து வைத்திருந்த சிப்பிக் கண்ணாடிதான் பழுதில்லாதது. அதன் முன்னால் நின்று நுரை பூசி, பாதிக் கன்னம் வழித்துவிட்டேன். மேஜையில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் இருந்தது, வசதியாக ரேஸரையும் அதில் கழுவினேன்.

அப்புறம்தான் கீழே பார்த்தேன். மேஜையில் இரண்டு மெழுகுவர்த்தி, உப்பு, பூ, ஊதுபத்திச் சாம்பல், தலையில் பிறை சூடிய ஒரு பெண்ணின் மண் சிலை. கண்ணாடியின் இரண்டு பக்கமும் விளக்கு. நம் பள்ளியறையில் ஒருவன் வந்து சவரம் பண்ணினால் நாம் அவனை என்ன செய்வோம்?

வாசலில் மார்ஜரி நின்றாள். நுரை முகத்தோடு கை கூப்பினேன். அவள் சிரித்துச் சிரித்துக் கதவைப் பிடித்துக்கொண்டாள். "அவள் ஒன்றும் நினைக்க மாட்டாள். மறு கன்னத்தையும் முடித்துவிடுங்கள்" என்றாள். அவள் என்றால் யார் என்று கேட்டேன். தேவி என்றாள். அவளுக்கு நிறையப் பெயர் இருக்கிறது, எங்களுக்குச் சிலை சும்மா அலங்காரம், அவள் வருவது கண்ணாடியில் என்றாள். அவர்கள் பத்துப் பேர் கூட்டம், விக்கா என்று அந்த வழிக்குப் பெயர். ஊரார் சூனியக்காரிகள் என்பார்களாம், இவர்களும் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு பெருமையாகத் திரிகிறார்கள். இந்த மாநிலத்தில் குறி சொல்வது சட்டப்படி குற்றமாம், அதனால் திரையை இழுத்துவிட்டுத்தான் கும்பிடுவார்களாம்.

நான் மீதிக் கன்னத்தை வழித்துக்கொண்டே எங்கள் பதியைப் பற்றிச் சொன்னேன். சிலை இல்லை, கண்ணாடி, இரண்டு விளக்கு, உள்ளே நம் முகம், அதைத்தான் கும்பிடுகிறோம் என்றேன். மார்ஜரி சிரிப்பை நிறுத்திவிட்டாள். நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். "எத்தனை பேர்?" என்று கேட்டாள். ஊர் ஊராக இருக்கிறோம் என்றேன். "நாங்கள் பத்துப் பேர்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர். கடல் தாண்டி ஒரு ட்ராம் கண்டக்டரும் நானும் ஒரே மாதிரிக் கும்பிட்டுக்கொண்டு இத்தனை காலம் இருந்திருக்கிறோம். மேலே போய் என் பெல்ஜியம் கண்ணாடியை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தேன். கிழக்குச் சுவரில் அன்றே மாட்டிவிட்டாள்.

குறி பார்க்கிற கண்ணாடியையும் காட்டினாள். கறுப்புத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்திருந்தாள். வெயில் படக் கூடாதாம், நிலா வெளிச்சம் மட்டும் காட்டுவாளாம். பழைய சுவர்க் கடிகாரத்தின் வளைந்த கண்ணாடிதான் அது, பின்பக்கம் கறுப்பு பெயிண்ட் அடித்திருந்தது. ரசம் பூசத்தான் நாங்கள் பாடுபடுவோம். இவள் கறுப்பைப் பூசி அதிலும் பார்க்கிறாளே என்று எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. என்ன தெரியும் என்றேன். "ஒரு தடவை என் ட்ராம் பாலத்தின் நடுவில் நிற்பதைப் பார்த்தேன். மறுநாள் கரண்டு போய் அங்கேயே நின்றது" என்றாள். நான் கால் மணி நேரம் பார்த்தேன். ட்ராம் எதுவும் வரவில்லை. என் தலை தெரிந்தது, தோள் தெரிந்தது. கண்ணும் மூக்கும் தெரியவில்லை. பார்க்கப் பார்க்க உள்ளே புகை போல ஏதோ மெதுவாகச் சுற்றியது. பயமாக இல்லை, மனசு அடங்கிவிட்டது. ராணியால் இதைப் பார்க்க முடியுமே என்று எனக்குச் சட்டென்று தோன்றியது.

மார்ஜரிக்கும் அது முன்பே தோன்றியிருக்கிறது. கூப்பிட்டிருக்கிறாள், ராணி வர மறுத்துவிட்டாளாம். வெள்ளிக்கிழமை பௌர்ணமி, மெல்பர்னுக்கு வெளியே மலையில் எல்லோரும் கூடுகிறோம், நீங்கள் வாருங்கள் என்று என்னை அழைத்தாள். மாடிக்குப் போய் ராணியிடம் நான் போகப்போகிறேன் என்றேன்.

"யாருகூட? சூனியக்காரிகூடயா?"

"ஆமா. சூனியக்காரின்னா துணியில்லாம ஆடுவாங்கன்னு சொல்லுவாங்க, இவங்க அவ்வளோ பேரும் துணி உடுத்தியிருப்பாங்கல்லா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் வந்த பிறகு அதுதான் முதல் சிரிப்பு. "உங்க இங்கிலீச வச்சிக்கிட்டு நீங்க அங்க போயி எதுல போயி மாட்டுவீங்களோ" என்று அவளும் கிளம்பினாள். நான் எதிர்பார்த்ததும் அதுதான். சின்ன வயதிலிருந்தே என்னைக் காப்பாற்றுவதில் அவளுக்குத் தனி அக்கறை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மார்ஜரியின் கிழட்டுக் காரில் புறப்பட்டோம். ஆறு மணிக்கு உச்சி வெயில் போல அடித்தது, அங்கே அந்த மாதத்தில் எட்டு மணிக்குத்தான் சூரியன் இறங்குகிறது. வழியெல்லாம் பனை உயரத்துக்குப் பெரணிச் செடி. நம் ஊரில் தொட்டியில் வளர்ப்பதை அங்கே அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. பாதி மலை ஏறியதும் முன்பக்கம் ஆவி கக்கிக் கார் நின்றுவிட்டது. தண்ணீர் ஊற்றினால் மட்டும் போதவில்லை, தள்ள வேண்டும் என்றாள். நான் ஒரு பக்கம், ராணி ஒரு பக்கம். ஏற்றத்தில் தள்ளும்போது ராணியின் ஸ்கார்ஃப் அவிழ்ந்து கழுத்தில் விழுந்தது. இரண்டு கையும் காரில் இருந்ததால் அவள் அதைப் பிடிக்க முடியவில்லை. அப்போதுதான் முழு வெளிச்சத்தில் அவள் முகத்தைப் பார்த்தேன். நான் எத்தனை தடவை தூக்கிக் கொஞ்சிய முகம். கார் நம்பர் பலகையையே உற்றுப் பார்த்துக்கொண்டு தள்ளினேன். கார் கிளம்பியதும் அவள் திரும்பி நின்று கட்டிக்கொண்டாள்.

மேலே புல்தரையில் மற்றவர்கள் காத்திருந்தார்கள். பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மா, மீன் கடைக்காரர், நர்சரி வைத்திருக்கிற தம்பதி, இரண்டு மூன்று மாணவிகள். எல்லோரும் நன்றாகவே உடுத்தியிருந்தார்கள். ராணி என்னை ஓரக்கண்ணால் பார்த்தாள். தரையில் வட்டம் போட்டு, உப்புத் தண்ணீர் தெளித்து, ஊதுபத்தியோடு சுற்றி வந்தார்கள். எனக்கு ஒரே குழப்பம். நாம் வலம் வருவோம், இவர்கள் இடமாக வந்தார்கள். இது என்ன கோணல் என்று மார்ஜரியைக் கேட்டேன். "இங்கே சூரியன் வடக்கு வழியாகப் போகிறது. சூரியன் போகிற பக்கம் நாங்கள் போகிறோம்" என்றாள். மரத்து இடுக்கில் சூரியனைத் தேடிப் பார்த்தேன். காலையிலிருந்து அது வந்த வழியை விரலால் போட்டுப் பார்த்தேன். அவள் சொன்னது நிஜம். நாமும் சூரியனோடுதான் சுற்றுகிறோம், அவர்களும் சூரியனோடுதான் சுற்றுகிறார்கள். நான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இடமாக நடந்தேன்.

சூரியன் இறங்கிய பக்கத்துக்கு எதிரே நிலா ஏறியது. அதற்குள் இருக்கிற முயல்கூட வேறு பக்கம் சாய்ந்து கிடந்தது. கறுப்புக் கண்ணாடியை நடுவில் வைத்தார்கள். ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். ராணி முறை வந்தது. போகமாட்டாள் என்று நினைத்தேன். போனாள். முட்டி போட்டு உட்கார்ந்தாள். அதில் முகம் தெரியாது, நிழல்தான் தெரியும். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. ஒரு பறவை மட்டும் எங்கோ மனிதன் சிரிப்பது போலக் கத்தியது.

அடுத்தது பூஜையின் முக்கியமான கட்டம். மார்ஜரி வெள்ளிப் பிடிக் கைக்கண்ணாடி ஒன்றை எடுத்து நிலாவுக்குக் காட்டினாள். பிறகு அது கை மாறி வரும். ஒருவர் பக்கத்தில் நிற்பவருடைய முகத்துக்கு நேரே அதைப் பிடித்து, "பார், இவள்தான் தேவி" என்று சொல்ல வேண்டும். ஆணுக்கும் அப்படித்தான். மீன் கடைக்காரர் என் முகத்துக்கு நேரே பிடித்தார். அவர் கையில் மீன் வாடை. "பார், இவள்தான் தேவி" என்றார். சிரிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் என் நரைத்த மீசைக்குப் பின்னால் நிலா வந்து நின்றதும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. தினமும் நூறு கண்ணாடிக்கு முன்னால் நிற்கிறவன் நான். கீறல் இருக்கிறதா, ரசம் போயிருக்கிறதா என்று பார்ப்பேனே தவிர, உள்ளே நிற்கிற ஆளைப் பார்த்து எத்தனை வருடமாயிற்று. என்னை அறியாமல் கை கூப்பினேன்.

கண்ணாடி என் கைக்கு வந்தது. எனக்கு அடுத்தபடியாக நின்றது ராணி.

இதை நான் யோசித்திருக்கவில்லை. ஒரு தரம் அவள் முகத்துக்கு எதிரே கண்ணாடி பிடித்த பாவி நான். இன்னொரு தரமா? அவளைத் தாண்டி அந்தப்பக்கம் நிற்கிற மாணவியிடம் நீட்டிவிடலாம் என்று கையைக் கொண்டுபோனேன். ராணி என் மணிக்கட்டைப் பிடித்தாள். மறு கையால் ஸ்கார்ஃபை அவளே அவிழ்த்தாள். என் கையைத் தன் முகத்துக்கு நேரே இழுத்தாள். நான் சொல்ல வேண்டிய வார்த்தை எனக்கு வரவில்லை, வாய் மட்டும் அசைந்தது. மார்ஜரிதான் எனக்காகச் சொன்னாள்.

ராணி பார்த்தாள். முதலில் கண்ணை மட்டும் பார்த்தாள் போல, அசையாமல் நின்றாள். அப்புறம் முகத்தை மெல்ல வலப்பக்கம் திருப்பினாள், இடப்பக்கம் திருப்பினாள். வார்டில் ஒருவருக்குக் கட்டுப் பிரித்துப் பார்க்கிற அதே முகம் வந்துவிட்டது அவளுக்கு. விரலால் தாடை ஓரத்தை அழுத்திவிட்டு, சிவப்பு திரும்பி வருகிறதா என்று கவனித்தாள்.

"தோல் நல்லாத்தாம் பிடிச்சிருக்குண்ணே" என்றாள். "இந்த ஓரத்துலதான் கொஞ்சம் இழுத்துக்கிட்டு நிக்கி. தெனமும் எண்ண போட்டு நீவி விட்டா எளகிரும். நான் நீவவே இல்ல."

என் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது, கண்ணாடி ஆடியது. அவள் என் கையை ஆடாமல் பிடித்துக்கொண்டாள். சுற்றி நின்றவர்களுக்குத் தமிழ் தெரியாது. தேவியிடம் ஏதோ வேண்டிக்கொள்கிறாள் என்று நினைத்துத் தலை குனிந்து நின்றார்கள். அவள் இரண்டு கையையும் கூப்பிக் கண்ணாடியை, பதியில் நிற்பது போலவே நின்று, கும்பிட்டாள். பிறகு அதை என்னிடமிருந்து வாங்கி, அடுத்த மாணவியின் முகத்துக்கு நேரே பிடித்து, சொல்ல வேண்டியதைத் தெளிவாக இங்கிலீஷில் சொன்னாள்.

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பாமலே மெதுவாகச் சொன்னாள்.

"அம்மாட்ட நீங்களே சொல்லிருங்கண்ணே. நான் வரல. திங்கக்கெழம எனக்கு டூட்டி."